பயின்ற இடத்துக்குப் பட்ட கடன்

ஒருவர் தாம் கற்ற நிறுவனத்துக்கே ஆசிரியராகத் திரும்பி வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தால், அதை நன்றிக்கடன் என்று போற்றுவது உலக வழக்கம். ஆனால் கடன் என்பது கொடுத்தவரிடமே திருப்பிச் செலுத்தப்படுவது. கல்வியிலோ, கொடுத்தவர் ஓய்வுபெற்றுச் சென்றிருப்பார், திருப்பித் தரப்படுவதைப் பெற்றுக்கொள்பவர்கள் அக்கொடையில் எந்தப் பங்கும் இல்லாத புதிய தலைமுறையினராக இருப்பார்கள். பட்ட இடம் ஒன்றாகவும் அடைக்கும் இடம் வேறொன்றாகவும் அமையும் இக்கடனின் இயல்பு என்ன, நிறுவனத்தின் மீது கொண்ட பற்றுறுதி எந்த அளவுக்கு அறமாகும் என்னும் கேள்விகளை ஆராய்வதற்கு, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கால்பந்துப் பயிற்றுநராக இருந்த ஆன்சன் டோரன்ஸின் பணிவாழ்வு தக்க சான்றாக அமைகிறது.

1951இல் பம்பாயில் பிறந்து, எண்ணெய் நிறுவனமொன்றில் தந்தை வகித்த பணியின் காரணமாக ஆசிய, ஆப்பிரிக்க, ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்த டோரன்ஸ், சேப்பல் ஹில் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் பயின்று 1974இல் பட்டம் பெற்றார். அங்கு ஆடவர் கால்பந்து அணியிலும் ஆடினார். அந்த அணியின் பயிற்றுநரான மார்வின் ஆலன் ஓய்வுபெற்றபோது, சட்டம் பயின்றுகொண்டிருந்த இந்த முன்னாள் மாணவரிடமே 1977இல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1979இல் தொடங்கப்பட்ட மகளிர் அணியையும் அவரே ஏற்றார். 1988 வரை இரண்டு அணிகளையும், அதன்பின் 2024 ஆகஸ்டில் ஓய்வுபெறும்வரை மகளிர் அணியை மட்டும் நடத்தினார்.

அம்மகளிர் அணி உருவான சூழலையும் இங்கே கருத வேண்டும். கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால்வேறுபாடு காட்டக் கூடாது என்று விதித்த 1972ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மகளிர் விளையாட்டுகளுக்குக் கதவு திறக்கச் செய்தது. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசியச் சங்கம் 1982இல்தான் மகளிர் கால்பந்துக்கு முதன்முதலாகச் சாம்பியன் பட்டப் போட்டியை நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் வேறொரு சங்கம் நடத்திய போட்டியில் வென்றதையும் சேர்த்து, டோரன்ஸின் அணி பெற்ற தேசியப் பட்டங்கள் 22. அவற்றுள் 9 பட்டங்கள் 1986 முதல் 1994 வரை ஓராண்டும் இடைவிடாமல் கிடைத்தவை. சீனாவில் 1991இல் நடந்த முதலாவது மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்றுநர். மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி முதலிய அவருடைய மாணவியர் அவ்வணியில் ஆடினர்.

இத்தகைய பணிவாழ்வைக் கடன் தீர்த்தல் என்று கணக்கிட இயலுமா? பெற்றோருக்கும் தெய்வங்களுக்கும் போலவே, மெய்யறிவு புகட்டியவர்களுக்கும் ஈடான கைம்மாறு இல்லை, இயன்றதைச் செய்வதே போதும் என்பது நிக்கோமாக்கிய அறவியலின் ஒன்பதாம் நூலில் அரிஸ்டாட்டில் தரும் விடை. கற்பித்தலைப் பணத்தால் அளக்க முடியாது என்பதை இது தெளிவாக்கினாலும், அந்த ‘இயன்றதை’ யாருக்குச் செய்வது என்பதை விளக்கவில்லை. ஆலனிடம் பெற்ற பயிற்சிக்கு டோரன்ஸ் ஆலனுக்கே திருப்பித் தந்திருக்கக்கூடியது மிகக் குறைவு. ஆலனின் காலத்தில் அவ்வணியில் இடமே பெற்றிராத பெண்களுக்கு அவர் கற்பித்தபோதுதான் அக்கடன் பொருள் பெற்றது. ஆகவே கல்விக்கடனைக் கேட்கும் உரிமை பின்வருவோருக்கே உண்டு. நிறுவனம் அக்கடன் கைமாறும் இடமேயன்றி, கடன் கொடுத்தவர் அன்று.

இவ்வேறுபாட்டை மறந்தால் பற்றுறுதி திசைமாறும் என்பதை ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியர் ஜோசயா ராய்ஸ், பற்றுறுதி பற்றி 1908இல் வெளியிட்ட நூலின் வழி உணரலாம். தன்னினும் பெரிய நோக்கமொன்றுக்கு ஒருவர் மனமுவந்து, செயலளவில், முழுமையாகத் தம்மை ஒப்படைப்பதே பற்றுறுதி என்று வரையறுத்த அவர், கொள்ளைக் கூட்டத்தினரிடமும் அத்தகைய ஒப்படைப்பு இருக்கக்கூடும் என்னும் தடையை எதிர்கொள்ள, பற்றுறுதி என்னும் பண்பின் மீதே பற்றுறுதி கொள்ளவேண்டும் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். பிறருடைய நம்பிக்கையையும் ஈடுபாட்டையும் வளர்க்கும் பற்றே நல்லது, அவற்றை அழித்து வாழும் பற்று தீயது என்பது அதன் சாரம்.

இதற்குத் துணையாக, அலாஸ்டேர் மெக்கின்டயர் 1981இல் வெளியிட்ட அறவியல் நூலில் செய்த பாகுபாட்டைக் கொள்ளலாம். ஒரு கலையையோ ஆட்டத்தையோ அதன் உயர்ந்த தரத்தில் செய்வதனால் மட்டுமே கிடைப்பவை அகப்பயன்கள். பணம், புகழ், பதவி போல் வேறு வழிகளாலும் கிடைக்கக்கூடியவை புறப்பயன்கள். புறப்பயன்கள் இல்லாமல் நிறுவனங்கள் நிலைக்கா, நிறுவனங்களின் பேராசைக்கு உட்பட்டால் அகப்பயன்கள் நிலைக்கா. டோரன்ஸ் தம் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்றுநர் டீன் ஸ்மித்தின் முறையைப் பின்பற்றி, பயிற்சியின் ஒவ்வொரு மோதலிலும் யார் வென்றார், யார் தோற்றார் என்று பதிவுசெய்து, வீராங்கனைகளைத் தரவரிசைப்படுத்தி, அப்பட்டியலை அனைவரும் காண வைத்தார். ‘போட்டிக் கொப்பரை’ என்று பெயர்பெற்ற இம்முறை, கடுமையாகப் போட்டியிடுவது பெண்மைக்கு ஒவ்வாது என்று சமூகம் கற்பித்திருந்த தயக்கத்தைக் களைந்ததனால் அகப்பயனுக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எண்ணால் அளக்கப்படுவது ஆட்டத்திறனே. அளப்பவர் தம் மாணவியரை நடத்தும் விதம் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

டோரன்ஸ் தம் மாணவியரை நடத்திய விதம் 1998இல் நீதிமன்றத்தின் முன் வந்தது. முன்னாள் வீராங்கனையர் இருவர், மாணவியரின் அந்தரங்க வாழ்வு பற்றி அவர் பாலியல் சார்ந்து பேசித் தொல்லைதரும் சூழலை உருவாக்கினார் என்று வழக்குத் தொடுத்தனர். அத்தகைய பேச்சில் கலந்துகொண்டதை ஒப்புக்கொண்ட டோரன்ஸ், தொல்லை தந்ததாகக் கூறப்பட்டதை மறுத்தார். ஒருவருடைய வழக்கு 2004இல் அவருடைய மன்னிப்புக் கடிதத்தோடும், மற்றவருடையது கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் விசாரணைக்கு மீண்டும் வழிவிட்ட பின் 2008இலும், சமரசமாக முடிக்கப்பட்டன. அவர் பதவியில் தொடர்ந்தார். பல்கலைக்கழகம் 2019இல் திறந்த புதிய அரங்கின் ஆடுதளத்துக்கு அவர் பெயரையே சூட்டியது.

சட்டத்தின் முடிவு எதுவாயினும், அறவியலின் வினா எஞ்சி நிற்கிறது. யார் ஆடுவார், யார் வெளியில் அமர்வார் என்பதை ஒருவரே பல பத்தாண்டுகள் தீர்மானிக்கும் இடத்தில், பதினெட்டு வயது மாணவி தன் மனக்குறையைச் சொல்லும் துணிவைப் பெறுவது அரிது; பயிற்றுநரின் பற்றுறுதியும் வெற்றிகளும் எவ்வளவு மிகுகின்றனவோ, அவ்வளவுக்கு அத்துணிவு அரிதாகிறது. நீண்ட பணியினால் பெருகும் மதிப்பு, கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரமாக மாறும்போது, ராய்ஸின் அளவுகோலின்படி அது பிறருடைய நம்பிக்கையைத் தேய்க்கும் பற்றாகிவிடுகிறது.

டோரன்ஸ் ஓய்வுபெற்ற அதே 2024இல், அவருடைய உதவியாளராக இருந்த டேமன் நாஹஸின் பொறுப்பில் ஆடிய அணி மீண்டும் தேசியப் பட்டம் வென்றது. கற்பிக்கப்பட்ட கலை கற்பித்தவரைக் கடந்து நிற்கும் என்பதற்கும், நிறுவனத்துக்கு எந்தத் தனிமனிதரும் இன்றியமையாதவர் அல்லர் என்பதற்கும் இதுவே போதிய சான்று. எவரும் இன்றியமையாதவர் அல்லர் என்பது உண்மையானால், சாதனையைக் காட்டி எவருக்கும் விசாரணையிலிருந்து விலக்களிக்க நியாயமில்லை. பயின்ற இடத்துக்குப் பட்ட கடன், அங்குப் பின்னால் பயில வருவோர் அச்சமின்றிக் கற்கும்போதே முழுமையாக அடைபடுகிறது.