கேட்காதவர் கட்டும் கட்டணம்

"வருஷக் கட்டணமா? அதையெல்லாம் யாருடா கட்டுவா?" என்று சிரித்தான் நண்பன். போன வருடம் பட்டம் முடித்து வேலைக்குப் போனவன். "போன் போட்டு, கார்டை ரத்து பண்ணப் போறேன்னு சொல்லு. உடனே தள்ளுபடி கொடுத்துடுவாங்க. நான் ஒரு தடவைகூடக் கட்டினதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் வீட்டில் அம்மாவின் கிரெடிட் கார்டு கணக்கறிக்கைகளை அடுக்கி வைத்தேன். வருடக் கட்டணம் 150 ரிங்கிட். நான்கு வருடமாக அதே 150. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால், "போட்டிருக்காங்க, கட்டித்தானே ஆகணும்" என்றார் அம்மா.

ஒரே மாதிரி கார்டு. அவன் கட்டியது பூஜ்யம், அம்மா கட்டியது 600 ரிங்கிட். இது நியாயமா?

முதலில் வங்கியின் பக்கத்தையும் பார்ப்போம். அடமானம் எதுவும் கேட்காமல் நமக்குக் கடன் கொடுக்கிறார்கள். மாதக் கணக்கை முழுதாகக் கட்டிவிட்டால், வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. யாராவது கார்டைத் திருடிப் பயன்படுத்தினால் நடு ராத்திரியிலும் போனை எடுத்துத் தடுத்து நிறுத்த ஆள் இருக்கிறது. இதற்கெல்லாம் செலவு உண்டு. சேவைக்குக் கூலி கேட்பது தப்பில்லை. நம் கிளையில்கூட வருடச் சந்தா வாங்குகிறோமே!

ஆனால் நம் சந்தாவை யோசித்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை. முடியாதவர்களுக்குச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கிறோம். கார்டு கட்டணத்தில் இது அப்படியே தலைகீழ். அதிகமாகச் செலவழிப்பவருக்குத் தள்ளுபடி, தைரியமாகப் பேசத் தெரிந்தவருக்குத் தள்ளுபடி. கூச்சப்படுகிறவரும் விவரம் தெரியாதவரும் முழுதாகக் கட்டுகிறார்கள்.

அரசாங்கத்தின் சேவை வரியை இதோடு ஒப்பிடலாம். 2018 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு கிரெடிட் கார்டுக்கும் வருடத்துக்கு 25 ரிங்கிட் வரி. அது எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, விதி எல்லாருக்கும் ஒன்று. மிரட்டினால் குறையாது, அமைதியாக இருந்தால் கூடாது.

அடுத்த கேள்வி, கட்டணம் கட்டி ஒரு கார்டு வைத்திருப்பது லாபமா? இன்ஜினியரிங் மாணவனாச்சே, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. செலவில் 1% பணம் திரும்பக் கிடைக்கும் கார்டு என்று வையுங்கள். 150 ரிங்கிட்டை மீட்கவே வருடத்துக்கு 15,000 ரிங்கிட் செலவு செய்ய வேண்டும். அதாவது மாதம் 1,250. நம் நாட்டில் கிரெடிட் கார்டு எடுக்க வருட வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் வேண்டும், அதாவது மாதம் 2,000. அந்தச் சம்பளக்காரர் கட்டணத்தை மீட்பதற்காக 1,250-ஐக் கார்டில் தேய்த்தால், அவர் கார்டுக்காக உழைக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. கட்டணத்தைத் தள்ளுபடி செய்த சந்தோஷத்தில் பாக்கியை மறந்துவிடுகிறோம். 3,000 ரிங்கிட் பாக்கி, 18% வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டும் 45 ரிங்கிட். நான்கு மாதத்துக்குள் 150-ஐத் தாண்டிவிடும். குறைந்தபட்சத் தொகையான 5% மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்களின் வட்டியும், கடைக்காரர்கள் ஒவ்வொரு விற்பனைக்கும் கொடுக்கும் கட்டணமும் சேர்ந்துதான் நம் 'இலவச' கார்டையும் புள்ளிகளையும் தாங்குகின்றன. எனக்கு இலவசம் என்றால் வேறு யாரோ கட்டியிருக்கிறார் என்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திருக்குறளில் 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகர்களைப் பற்றியது. நீதிபதிக்கு மட்டுமல்ல, கடை நடத்துகிறவனுக்கும் நடுவு நிலைமை வேண்டும் என்று வள்ளுவர் நினைத்திருக்கிறார். கேட்டவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலை என்பது அந்தத் தராசில் நேராக நிற்குமா?

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். நண்பன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "ரத்து பண்ணப் போறேன்னு சொல்லுங்கம்மா."

"ரத்து பண்ற எண்ணமே இல்லையேடா. 150 வெள்ளிக்கு எதுக்குப் பொய்?"

பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அம்மா மலாயில் மரியாதையாகப் பேசினார். இத்தனை வருடமா ஒழுங்காகக் கட்டி வருகிறேன், இந்த வருடக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். பாதியைத் தள்ளினார்கள். மீதி 75-ஐ அன்றே கட்டினார்.

எனக்குக் கோபம். ஒரு பொய் சொல்லியிருந்தால் முழுசும் போயிருக்குமே! அம்மாவை ஏமாளி என்றே நினைத்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் கோபப்பட்டது யார்மேல்? பொய்க்கு 150-ம் உண்மைக்கு 75-ம் கொடுக்கும் முறையின்மேல் வர வேண்டிய கோபத்தை, உண்மை பேசியவர்மேல் காட்டிவிட்டேன்.

இப்போது என் முடிவு இதுதான். வருடக் கட்டணம் வாங்குவது அநியாயம் இல்லை. அதைக் கேட்காதவரிடம் மட்டும் வாங்குவது அநியாயம். அதற்குப் பதில் நாமும் பொய் சொல்வதில்லை. உண்மையாகவே கேட்கலாம், அது நம் உரிமை. கணக்குப் போட்டு, தேவையில்லை என்றால் உண்மையாகவே ரத்து செய்யலாம். அம்மாவும் இப்போது அதைத்தான் யோசிக்கிறார். பெட்ரோலுக்கும் மளிகைக்கும் டெபிட் கார்டு போதுமாம்.

ஆனால் கேட்கத் தெரியாதவர்களை யார் பார்ப்பது? இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. இந்த வாரம் ஒரு நாள் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து அந்தக் கணக்கறிக்கையைப் படியுங்கள். கட்டணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் படித்துச் சொல்லுங்கள். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை என்று சொல்லுங்கள்.

நான்கு வருடம் அந்தத் தாள்கள் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தன. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை நான், ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த 600 ரிங்கிட்டில் என் பங்கும் இருக்கிறது.