அந்தக் கணமே

ஆங்கிலத்தில் 'அனான்' என்று ஒரு சொல் உண்டு. இப்போது பேச்சில் அதை வழங்குவாரில்லை. பழைய நாடகங்களிலும் கவிதைகளிலுந்தான் கிடக்கிறது. 'சற்று நேரத்தில்' என்று அகராதி பொருள் சொல்கிறது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அது இரண்டு சொல். 'ஒன்றில்' என்று பொருள். இடையில் நிற்காமல், ஒரே போக்கில், அதாவது அந்தக் கணமே!

அந்தக் கணம் எப்படிச் 'சற்று நேரம்' ஆயிற்று?

இதற்கு மட்டும் நேர்ந்த கதியுமல்ல. 'சூன்' என்ற சொல்லுக்கும் ஆதியில் 'உடனே' என்பதே பொருள். 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், ஏரோது மன்னன் முன் ஆடிய பெண் யோவானின் தலையைத் தட்டில் வைத்து 'பை அண்ட் பை' தரும்படி கேட்கிறாள். இக்கணமே வேண்டும் என்கிறாள். இன்றைய ஆங்கிலேயர் படித்தால், 'அவசரமில்லை, மெல்லக் கொடுங்கள்' என்று அவள் தாட்சணியத்தோடு சொன்னதுபோல் இருக்கும்!

பொய்யர்கள்தாம் இச்சொற்களைக் கெடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதற் பாகத்தில், லண்டன் மதுக்கடை ஒன்றில் பிரான்சிஸ் என்ற பையன் ஊழியம் செய்கிறான். இன்னும் ஐந்து ஆண்டு அங்கே உழைக்க வேண்டியவன். இளவரசன் அவனை நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுக்கிறான். இளவரசனின் தோழன் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பையன் 'அனான்' என்று குரல் கொடுக்கிறான். கால் மட்டும் நகரவில்லை. இளவரசனுக்கு அது வேடிக்கை. எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னது பொய்யா? போகவேண்டுமென்றுதான் நினைக்கிறான். ஆனால் இளவரசன் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஏழைக்கு முடியுமா? சொன்ன வாய்க்கு அது சத்தியந்தான். அடுத்த அறையில் காலிக் கோப்பையோடு இருப்பவனுக்கோ அவன் நல்லெண்ணத்தால் தாகம் தீராது. நாலு தரம் கேட்டபின், 'இந்தச் சொல்லுக்கு இப்போது என்று அர்த்தமில்லை' என்று அவன் தெரிந்துகொள்கிறான். நாம் சொல்லுக்கு என்ன பொருள் வைத்தால் என்ன? காத்திருந்தவர்கள் கண்ட பொருளைத்தான் அகராதி எழுதிக்கொண்டிருக்கிறது.

இரு பக்கமும் கூப்பிட, எங்கே போவதென்று தெரியாமல் பிரான்சிஸ் திகைத்து நிற்கிறான். கடைசியில் கடைக்காரன் வந்து அதட்டிய பிறகே உள்ளே போகிறான்.