சிறு மகிழ்ச்சியும் பெரு வேட்கையும்

பகலெல்லாம் உழைத்து இல்லம் திரும்பிய ஒருவன், மாலையில் ஓர் இலேசான காதற்கதையைக் கண்டு சிரிப்பானாயின், அவன் காலத்தை வீணாக்கியவன் ஆவானா? சிந்தனையாளர் சிலர் ஆம் என்பர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அண்மையில் ஒரு கொரிய நாடகத்தைக் கண்டபின் இவ்வினாவை மீண்டும் ஆராய விழைகின்றோம்.

2022-ஆம் ஆண்டு தென்கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் வெளிவந்த அந்நாடகம், பிற நாடுகளில் 'பிசினஸ் புரொபோசல்' என்னும் பெயரால் அறியப்பட்டது. அந்நாட்டுத் தொடர்கள் பல 16 பகுதிகள் கொண்டவை. இதுவோ 12 பகுதிகளில் முடிந்துவிடுகின்றது. கதையும் எளிது. உணவு நிறுவனமொன்றில் பணியாற்றும் ஹா-ரி என்னும் பெண், தோழிக்குப் பதிலாக, அவள் பெயரிலேயே, மணம் கருதிய சந்திப்பொன்றிற்குச் செல்கின்றாள். வந்தவன் தன்னை மறுத்துவிட வேண்டுமென்றே தகாதன பேசி நடிக்கின்றாள். அவனோ அவள் பணிபுரியும் நிறுவனத்தின் தலைவன். பாட்டனாரின் ஓயாத திருமணப் பேச்சால் சலித்து, அடுத்துச் சந்திக்கும் பெண்ணையே மணப்பதென்று முடிவு செய்து வந்தவன்!

பொய்யில் தொடங்கும் கதையைக் கண்டு நகைப்பது பொய்க்கு உடன்படுவதாகாதோ என்று கேட்கலாம். ஆகாது என்போம். அலுவலகத்தில் தலைவனைக் காணுந்தோறும் ஹா-ரி முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுகின்றாள். ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் தேடும் அவளது அல்லலே நம்மை நகைக்கச் செய்கின்றது. பொய் சுமையென்பதை அறநூல் கடிந்து கூறும்; இந்நாடகம் சிரித்துக் கூறுகின்றது. எவரையும் இழிவுபடுத்தாத சிரிப்பு உள்ளத்தைக் கெடுப்பதில்லை.

அங்ஙனமாயின் குற்றம் எங்குளது? காணும் பொருளில் அன்று, காணும் முறையில் உளது. கொரிய நாட்டில் இந்நாடகம் வாரத்திற்கு இரண்டு பகுதியாக ஆறு வாரங்கள் ஒளிபரப்பாயிற்று. மக்கள் கண்டனர், சிரித்தனர், உறங்கச் சென்றனர். இன்று இணையவழியில் முழுத் தொடரும் ஒருங்கே கிடைக்கின்றது. ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே தொடங்குகின்றது. போதும் என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் நம்மிடமே விடப்பட்டுள்ளது.

அப்பொறுப்பில் நாம் தவறினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓரிரவு மூன்றாம் பகுதியைக் கண்டுகொண்டிருக்கையில், முதியவரான எம் அன்னையார் வெந்நீர் வேண்டுமென்று அழைத்தார். "இதோ வருகிறேன், அம்மா" என்றோம், எழவில்லை. பாட்டனார்க்கும் பேரனுக்கும் இடையிலுள்ள அன்பைத் திரையிற்கண்டு உள்ளம் நெகிழ்ந்திருந்தோம்! ஐந்தாம் பகுதி முடிந்து எழுந்து சென்றபோது, அவரே தட்டுத்தடுமாறி வெந்நீர் வைத்துக் குடித்துவிட்டு உறங்கிப்போயிருந்தார். அடுப்பருகே வெறுங்குவளை ஒன்று இருந்தது.

அதைக் கண்டபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. மகிழ்ச்சி வேறு, வேட்கை வேறு. மகிழ்ந்திருப்பவனை ஒருவர் அழைத்தால், அவன் மகிழ்ச்சியோடே எழுந்து செல்வான். வேட்கையுற்றவனை அழைத்தால், அழைத்தவரே அவனுக்கு இடையூறாகத் தோன்றுவார். ஓர் இன்பம் நல்லதா தீயதா என அறிய இதனினும் எளிய அளவுகோல் வேண்டுவதில்லை.

மறுநாள் முதல் நாளொன்றுக்கு ஒரு பகுதி மட்டும், அன்னையாரை அருகிலமர்த்திக் கண்டோம். கொரிய மொழி அவருக்குத் தெரியாது. கதையை நாமே சொல்லி வந்தோம். ஒவ்வொரு மாலையும் அவர் முதலில் கேட்டது இதுவே: "அந்தப் பெண் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளா, அப்பா?"

சொல்லிவிட்ட நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அச்சிரிப்பைக் கேட்ட பொழுதை வீண்பொழுது என்று எவர் கூறினும் நாம் ஒப்போம்.