பதிவேட்டில் இல்லாதவள்

குடும்பக் கட்டுப்பாடு சேரிக்குத் தெரியாத சங்கதியா? 'ரெண்டு பிள்ளை ஆச்சுல்ல, ஆபரேஷன் பண்ணிக்க' என்று அரசாங்கம் நம் பெண்களை விரட்டிய அளவுக்கு வேறு எதற்கும் விரட்டியதில்லை. 1996இல் மைய அரசு இலக்கு முறையைக் கைவிடும் வரை இத்தனை தலை என்று கணக்கு வைத்து ஆள் பிடித்தார்கள். ஆனால் ஒருத்தி தானே முடிவெடுத்து, யாருக்கும் சொல்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய மாத்திரை என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரையைத்தான் சொல்கிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், தரித்த கருவைக் கலைக்காது. 2005லிருந்து மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கலாம். தமிழ்நாட்டிலும் சட்டத்தில் தடை கிடையாது. போய்க் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் 'இல்லம்மா' என்ற பதிலும் ஏற இறங்க ஒரு பார்வையும்தான் கிடைக்கும்.

'தெரிஞ்சா பொண்ணுங்க கெட்டுப்போயிடும்' என்கிறார்கள். இயக்கத் தோழர்களிலும் சிலர் இதையே சொல்கிறார்கள். தெரியாததால் எவள் காதலிக்காமல் இருந்தாள்? எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்று, பப்பாளிக்காய் தின்று, அதுக்கும் கலையாமல் எருக்கங்குச்சியைத் தேடிப் போனவர்கள் நம்ம பாட்டிமார்கள். அறியாமைக்கு ஒழுக்கம்னு பேர் வச்சவங்க யாரும் அதுக்காக உசிரை விடல.

இன்னொரு கூட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டும். பலாத்காரத்துக்கு ஆளானவளுக்குக் கொடுக்கலாமாம். கொடுத்தே ஆக வேண்டும்; மைய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலே அதைச் சொல்கிறது. ஆனால் அந்த இரக்கத்துக்குள் ஒரு தராசு இருக்கிறது. சீரழிக்கப்பட்டவளாக வந்து நின்றால் மருந்து, விரும்பிப் போனவள் என்றால் 'அனுபவி'. பிள்ளையைத் தண்டனையாக்குகிற இந்த நியாயம் என்ன நியாயம்? கிணற்றடியில் ஒருத்தர் மனசு வச்சு ஊத்துற வரைக்கும் குடத்தோடு காத்து நின்ற சனத்துக்கு இந்த இரக்கம் புதுசில்லை.

கர்ப்பத்தடையை நாட்டு நலனுக்காக அல்ல, பெண் விடுதலைக்காகக் கேட்டவர் பெரியார். 1938இல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் சட்டசபையில் கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றது. இந்த மரபு நம்முடையது.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு இருக்கிறது. தாலி ஏறாதவளுக்கு அதில் ஒரு வரி கிடையாது. பஞ்சாலை விடுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியே விடுகிற இடத்தில் 72 மணி நேரம் எப்போது தொடங்கி எப்போது முடியும்? மேஸ்திரியின் கை எட்டுகிற இடத்துக்கு மருந்து எட்டுவதில்லை.

மாலைப் பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் நாமே பேசலாம். இது தினசரிக்கான மாத்திரை இல்லை. பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். 5 நாளுக்குள் காப்பர்-டி வைத்தாலும் கரு தரிக்காமல் தடுக்கும். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். பேசப் போகிறவர் 'உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா' என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது.