கலைப்பொருளும் கொல்லாமையும்

கண்காட்சிகளுக்குச் செல்லும் அன்பர்கள் ஒவ்வொரு படைப்பின் அடியிலும் ஒரு சிறு அட்டையைக் கண்டிருப்பார்கள். படைத்தவர் பெயர், விலை, ஊடகம் ஆகியவை அதில் இருக்கும். மரமும் துணியும் வண்ணமும் பொன் தகடும் ஒருங்கே சேர்ந்திருப்பின், 'கலவை ஊடகம்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அக்கலவையில் கலந்தவை யாவை என்று கேட்கும் கடமை, கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு உண்டா? இவ்வினா நூல் படித்து எழுந்ததன்று. ஒரு திருவாசி பிரிந்தபோது எழுந்தது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களின் பெருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டில் அவை புவிசார் குறியீடும் பெற்றன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கண்காட்சி ஒன்றில் கண்ட வேலைப்பாட்டில் மனம் பறிகொடுத்து, நம் ஊர் ஜினாலயத்து உற்சவ மூர்த்திக்கு அப்பகுதிப் பட்டறை ஒன்றில் வாகை மரத்தில் திருவாசி செய்வித்தோம். விலையைக் குறைத்துப் பேசியதும் நினைவிருக்கிறது. ஓர் அடைமழைக் காலத்தில் அதன் இணைப்பு விட்டுப்போயிற்று. உள்ளூர்த் தச்சர் எடுத்துப் பார்த்து, "வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள் ஐயா, ஈரம் பட்டால் இளகத்தான் செய்யும்" என்றார்.

வஜ்ஜிரம் என்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுக்கும் பசை. அவருக்கு அது தொழிற்செய்தி. நமக்கு அன்று உணவு இறங்கவில்லை. அந்தத் திருவாசியின் முன் நின்றன்றோ இத்தனை ஆண்டுகள் பஞ்ச நமஸ்காரம் ஓதினோம்!

விசாரிக்கத் தொடங்கியபின் அது பசையோடு நிற்கவில்லை. மரத்திற்கு மெருகேற்றும் பிரெஞ்சு பாலிஷ், அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது; அரக்கோ மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகளின் சுரப்பு; அதை எடுக்கையில் அழியும் உயிர்களுக்குக் கணக்கில்லை. நுண்கோடு தீட்டும் தூரிகைகளில் கீரிமுடித் தூரிகையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி காக்கப்பட்ட உயிராக இருந்தும் அது திருட்டுத்தனமாக விற்கப்பட்டு வந்துள்ளது. வெள்ளித் தாளை மாட்டுக் குடலின் மடிப்புகளுக்கிடையே வைத்து அடித்து மெலிதாக்குவது பழைய முறை. உண்ணும் வெள்ளித் தாளுக்கு அம்முறை 2016இல் விலக்கப்பட்டது. ஹேமசந்திர ஆசாரியர் 12ஆம் நூற்றாண்டில் யோக சாஸ்திரத்தில் இல்லறத்தார்க்கு விலக்கிய பதினைந்து தொழில்களுள் தந்த வாணிகமும் அரக்கு வாணிகமும் இருக்கின்றன. முன்னோர் கலைஞனின் பெட்டிக்குள்ளும் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

அப்படியாயின் மரமும் ஓரறிவுயிர் ஆயிற்றே, அதை வெட்டலாமோ என்பார் உளர். கல்லும் பிருதிவிகாயமே. திருநறுங்கொண்டை மலையில் அப்பாண்டைநாதரைப் பாறையில் வடித்த சிற்பியும், சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைத் தடாகம் தீட்டிய ஓவியரும் ஹிம்சை சிறிதுமின்றிச் செய்தார் என்று நம்மால் கூற இயலாது. ஆயினும் இல்லறத்தானின் அணுவிரதம், தாவர உயிர்களிடத்தில் அளவோடிருக்கவும், இயங்கும் திரச உயிர்களை வேண்டுமென்று வருத்தாதிருக்கவும் பணிக்கிறது. வாகை மரம் ஒரு பக்கம், வஜ்ஜிரம் மறுபக்கம். கோடு அங்கே தெளிவாகவே கிடக்கிறது.

பொருள்தோறும் இத்தெளிவு கிடைப்பதில்லை. கல்வராயன் மலை மக்கள் திரட்டி இறக்கும் கடுக்காயைப் பாருங்கள். கலம்காரித் துணியில் சாயம் பிடிக்கச் செய்வதும் அதுவே; தோல் பதனிடுவதும் அதுவே. காட்டில் கடுக்காய் பொறுக்கும் தாயிடம் இதைக் கேட்டு என்ன பயன்? கேட்க வேண்டியவர் வாங்குபவரே.

சிற்பிக்கு நேர்வது உத்தியோக ஹிம்சை. பிழைப்பின் பொருட்டு நேர்வது. நம் ஆகமம் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றாகப் பகுத்திருக்கிறது. செய்தவர் அவர் எனில், கேள்வி கேளாமல் முன்பணம் தந்து செய்வித்தவர் நாம்; கண்காட்சியில் நின்று 'ஆகா' என்றவரும் நாமே. பட்டு உடுத்தி வந்து அவர் பசையைப் பழிப்பது எளிது. அவரைக் குற்றவாளியாக்க எண்ணிய அன்பர் சிலருடன் நாம் உடன்படவில்லை.

அப்பட்டறைக்கே மீண்டும் சென்றோம். தலை நரைத்துவிட்ட அச்சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு, "இதுவரை யாரும் கேட்டதில்லை சாமி. சொல்லியிருந்தால் பசையே இல்லாமல் மூங்கில் ஆணி வைத்துச் சேர்த்திருப்பேன். ஆனால் நாள் கூடும், கூலியும் கூடும்" என்றார். இம்முறை விலை பேசவில்லை. திருவாசி இருபது நாளில் வந்தது. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியிருந்தார். முன்னிருந்த பளபளப்பு இல்லை. நம் வீட்டார்க்கு அதில் சிறிது குறைதான்.

மகாவீர் ஜெயந்தியன்று ஜினாலய மண்டபத்தில் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, 'கலவை ஊடகம்' என்ற சொல்லை நீக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லி அட்டையில் எழுதினோம். வாகை மரம், மூங்கில் ஆணி, ஆளிவிதை எண்ணெய். செம்மண், சுண்ணாம்பு, புளியங்கொட்டைப் பசை. ஒரு படம் நம் உறவினர் வீட்டுப் பெண் செய்தது; சமவசரணத்தின் மதில்களைத் தம் திருமணப் புடவைத் துண்டுகளால் ஒட்டி அமைத்திருந்தார். அதற்கு என்ன எழுதுவது என்று தயங்கி நின்றோம். அவரே எழுதுகோலை வாங்கி, 'பட்டு' என்று எழுதி வைத்தார்.