நம்மவர் என்னும் சொல்

நம் ஊரைச் சார்ந்த ஒருவர் கடல்கடந்த நாட்டில் உயர்நிலை எய்திவிட்டால், 'அவர் நம்மவர்' என்று நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம். கிருமாம்பாக்கத்திலும் இது வழக்கந்தான். அவருடைய உழைப்பில் நமக்குப் பங்கில்லை. புகழில் மட்டும் பங்கு கேட்கிறோம். இது முறைதானா?

சைப்பிரசுத் தீவினரும் இவ்வாறே தம்மவரை எண்ணிப் பெருமை கொள்ளலாம். மெய்யியலாளர் சீனோன் முதல், 2010-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிசாரிடெஸ் வரை அவர்களுக்குப் பலர் உண்டு. நமக்கு நன்கு அறிமுகமான சைப்பிரசுக்காரரோ புனித பர்னபா. அவரது பிறப்பிடத்தைத் திருத்தூதர் பணிகள் நூல் (4:36) போகிறபோக்கில் சொல்லிவிட்டு, தம் நிலத்தை விற்ற பணத்தை அவர் திருத்தூதரின் காலடியில் வைத்ததை அடுத்துக் கூறுகிறது. பின்னாளில் மாற்கை அழைத்துக்கொண்டு அவர் கப்பலேறியதும் அதே தீவுக்குத்தான் (15:39). பிறப்பு அவருக்குப் பெருமையாக அன்று, கடமையாகவே இருந்தது என்று கருதுகிறேன்.

நம் வழிவந்தோரிலும் அத்தகைய ஒருவர் உண்டு. 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் குவாதலூப் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலர் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர். அத்தீவின் கபெஸ்தேர் என்னும் ஊரில், இந்தியப் பெற்றோருக்கு 1863-இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பிரெஞ்சு நாவில் 'சிதாம்பரோம்' என்று உருமாறினாலும், கடலூருக்குத் தெற்கே நாம் அறிந்த ஊரின் பெயர்தான் அது!

அவர் கல்வி கற்றவர். பொதுவாழ்வில் மதிப்புப் பெற்றவர். தோட்டக் கூலிகளை மறந்து நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அத்தீவிலேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டபோது, 1904-இல் அவர் வழக்காடத் தொடங்கினார். ஆளுநரின் எதிர்ப்புக்கு அவர் அஞ்சவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது 1923-இல். அப்போது அவர் அறுபதை நெருங்கியிருந்தார். 1952-இல் காலமானார்.

சிதம்பரத்தை நாம் 'நம்மவர்' என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆயினும், அச்சொல்லுக்கு அவர் கொடுத்த விலையை நாம் கொடுத்தோமா? தாத்தாவின் திருமுழுக்குச் சான்றிதழை என்னிடம் கேட்டு வருவோர் உண்டு. பெரும்பாலும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கான தாள்களுக்காகத்தான். 1962 ஆகஸ்டு 16 அன்று புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்கே பிறந்தவர்கள் அக்குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கையொப்பமிட்டால் போதுமாயிருந்தது. குவாதலூப்பில் கூலிகளின் பிள்ளைகள் அதற்காகப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தனர்.