விடும் கையும் பற்றும் கையும்

பற்றியதை விடாமல் நிற்றலே சிறப்பு என்பது மாந்தரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணம். ஊரை விட்டுச் சென்றவனையும், வேலையை மாற்றிக்கொண்டவனையும், பயின்ற பள்ளியைத் திரும்பிப் பாராதவனையும் உலகம் எளிதில் நன்றி கெட்டவர் என்று கூறிவிடும். விடுதல் எல்லாம் குற்றம்தானா? விட வேண்டிய வேளையில் விடாதிருத்தலும் குற்றம் ஆகாதா? இவ்வினாக்களுக்கு விடை தேடி நீதிநூல்களை மட்டும் புரட்ட வேண்டுவதில்லை. சிறுவர் முதல் முதியவர் வரை எல்லார் கையிலும் இன்று தவழும் கைப்பேசியைச் சற்று உற்று நோக்கினாலும் போதும்.

தம்போயிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுள் ஒருவன் விடியுமுன் பேருந்தில் அமர்ந்து, வீட்டில் நோயுற்றிருக்கும் தாயுடன் பேசிக்கொண்டே போகிறான் எனக் கொள்க. அவன் பேச்சை முதலில் ஏற்ற கோபுரம் தம்போயில் நிற்கிறது. பேருந்து ஜொகூர் பாரு நகரின் நடுப்பகுதியை நெருங்குவதற்குள் அப்பேச்சு பல கோபுரங்களின் கைக்கு மாறிவிடுகிறது. மாறும்போது ஏற்படும் இடைவெளி பெரும்பாலும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. தாயும் அறியாள், மகனும் அறியான்.

இந்நுட்பம் தானே வந்ததன்று. முற்காலத்து வண்டித் தொலைபேசிகளுக்கு நகருக்கு ஓர் உயர்ந்த கோபுரமே இருந்தது. அதன் எல்லையைக் கடந்தால் பேச்சு அறுந்தது. அலைவரிசைகள் சிலவே ஆதலின், ஒரே வேளையில் பேசக்கூடியவர் தொகையும் மிகச் சிறிது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங், நிலப்பரப்பைத் தேனடையின் அறைகளைப் போலச் சிறு சிறு வட்டாரங்களாகப் பகுக்கும் திட்டத்தை எழுதினார். அருகருகே இல்லாத அறைகள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பலர்க்கும் இடம் கிடைக்கும். ஆனால் அறைகள் பெருகினால் எல்லைகளும் பெருகும் அல்லவா? எல்லைதோறும் பேச்சு அறுமாயின் பயன் என்ன? ஓடும் வண்டியின் பேச்சை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு அறுபடாமல் மாற்றித் தரும் முறைக்கு அதே ஆய்வுக்கூடத்தின் அமோஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். பலர் பகிர்ந்து வாழும் இடத்தில் எல்லைகள் தவிர்க்க இயலாதவை. எல்லைகள் உள்ள இடத்தில் கைமாற்றித் தரும் பண்பும் தவிர்க்க இயலாதது. இதனைக் காட்டியமைக்காக அவ்விருவரையும் அறவோர் வரிசையில் வைக்கலாம் என்றால் பொறியியலார் நகைப்பர், நகைக்கட்டும்.

கைமாற்றம் நிகழும் ஒழுங்குதான் கருதத்தக்கது. பேச்சில் இருக்கும் கைப்பேசி, தன்னைத் தாங்கும் கோபுரத்தின் அலையை மட்டுமன்றி அயற்கோபுரங்களின் அலைகளையும் அளந்து, அளந்ததை மறைக்காமல் தன் கோபுரத்திற்கே தெரிவிக்கிறது. அயலார் வலிமை மிக்கவர் ஆயினர் என்று அறிந்த கோபுரம் சினந்து கைவிட்டுவிடுவதில்லை. இவரை ஏற்க இடம் உண்டா என்று அடுத்த கோபுரத்தை முதலில் கேட்கிறது. அங்கே இடம் ஒதுக்கப்பட்ட பின்னரே கைப்பேசிக்கு விடை தருகிறது. நான்காம் தலைமுறை வலைகளில், தன்னிடம் வந்து இன்னும் கொடுத்து முடியாத தரவுகளையும் பழைய கோபுரம் புதியதற்கு அனுப்பி வைக்கிறது. கைப்பேசி நலமாக வந்து சேர்ந்தது என்ற செய்தி கிடைத்த பிறகே தன்னிடமுள்ள அதன் குறிப்புகளை நீக்குகிறது. வந்தவரை ஏற்பதே பெரும்பொறுப்பு என்று உலகம் கருதும். இங்கோ பொறுப்பின் பெரும்பகுதி விடும் கையினுடையது. தமிழில் கைமாற்று என்பது திருப்பித் தரவேண்டிய கடன். கைம்மாறு என்பது பெற்ற உதவிக்குச் செய்யும் பதிலுதவி. கோபுரம் செய்வது இவ்விரண்டிலும் அடங்காது. சென்ற கைப்பேசி திரும்பி வராமலே போகலாம்.

அங்ஙனமாயின், வலிய அலையைக் கண்டபோதெல்லாம் தாவுவதே கைப்பேசியின் இயல்பா? அன்று. இரு கோபுரங்களுக்கு நடுவே நிற்கும் கைப்பேசிக்கு ஒரு கணம் இது வலிதாகவும் மறுகணம் அது வலிதாகவும் தோன்றும். தோன்றியபோதெல்லாம் மாறினால், பந்துபோல் அலைக்கழிந்து பேச்சே சிதையும். ஆதலால் பொறியாளர் ஒரு வரம்பு அமைத்துள்ளனர். அயலலை சற்றுக் கூடுதலாக இருந்தால் போதாது; குறித்த அளவு, பல இடங்களில் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலுடன், குறித்த நேரம்வரை நிலைத்திருக்க வேண்டும். அதன் பின்னரே மாற்றம். நிலைபேறு என்பதற்கு இதனினும் நேரிய விளக்கம் அரிது. சிறு வேறுபாட்டிற்காக நகராமை அது; என்றுமே நகராமை அன்று. அவ்வரம்பை மிகக் கூட்டிவிட்டாலோ, பழைய அலை தேய்ந்து மறையும்வரை கைப்பேசி அதனையே பற்றிக் கிடக்கும். பேச்சும் அதனோடு அறும். பற்றுக்காகப் பேச்சை இழப்பது எவ்வகை நன்றி?

மற்றொரு நுட்பமும் உண்டு. எவரோடும் பேசாமல் பைக்குள் கிடக்கும்போது, வலையமைப்பு வகுத்த விதிகளுக்கு உட்பட்டுக் கைப்பேசி தன் கோபுரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. பேச்சு நடக்கும்போதோ அது அளந்து சொல்லலாமே தவிர, மாறும் முடிவு பொதுவாக வலையமைப்பினுடையது. தன்னை நம்பி ஒரு குரல் தொங்கிக்கொண்டிருக்கும் வேளையில், விட்டுச் செல்லும் உரிமை முழுதும் தன்னுடையதன்று. வீட்டில் பிணியாளரை வைத்திருக்கும் மகனுக்கும், ஆண்டின் நடுவே மாற்றல் கேட்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

பேருந்து ஜொகூர் பாலத்தை அடைகிறது. 1924-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். இக்கரையிலும் வலிய கோபுரங்கள். அக்கரையிலும் வலிய கோபுரங்கள். அக்கரை அலை நீரிணையைக் கடந்து இக்கரைக் கைப்பேசிகளில் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அயல்வலைக் கட்டணத்திற்கு அஞ்சித் தம் வலையைத் தாமே குறித்து அமைத்துக்கொள்வோர் கரையோரத்தில் உளர். ஆயினும் இந்நாட்டு வலையில் தொடங்கிய பேச்சு அந்நாட்டு வலைக்குப் பொதுவாகக் கைமாற்றப்படுவதில்லை. தாயின் குரல் பாதியில் அறும். அக்கரை வலையில் பதிந்துகொண்டு மகன் மீண்டும் அழைக்க வேண்டும். குறை எவர் வலிமையிலும் இல்லை. ஓடும் பேச்சைக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு இல்லாமையே குறை.

இத்தகைய பாலம் ஒன்று மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் வாழ்விலும் குறுக்கிடுகிறது. ஆறு ஆண்டுகள் தமிழ்வழி பயின்ற பிள்ளை அடுத்து மலாய்மொழி வழி நடைபெறும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். இரு பள்ளிகளும் தத்தம் எல்லைக்குள் வலியவையே. மலாய்மொழியில் தளர்ந்த பிள்ளைகளுக்கென இடையே ஓராண்டுப் புகுமுக வகுப்பு நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. ஆனால் அது பிள்ளையை மட்டும் ஆயத்தமாக்கும் ஏற்பாடு. விடும் பள்ளியும் பற்றும் பள்ளியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு ஆகாது.

அவன் கற்ற தமிழ் என்னாகும்? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தமிழ் கற்க வசதி செய்து தரப்பட வேண்டும். கேட்டுக்கொண்டால் என்பதே அதன் உயிர்நாடி. புதிய பள்ளியின் வாயிலில் நின்றபின் கேட்டால் காலஅட்டவணை முடிந்திருக்கும். ஆசிரியர்க்கு இடமும் ஒதுக்கப்பட்டிராது. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்கிறான் என்பதை முன்னரே அறிந்திருப்பது தமிழ்ப்பள்ளியே. தனித்தனியே நிற்கும் பெற்றோரை ஒருங்கு கூட்டி, அண்டைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களையும் சேர்த்து விண்ணப்பம் எழுதச் செய்யத்தக்கதும் அதுவே. 'எங்கள் பணி ஆறாம் ஆண்டோடு முடிந்தது' என்னும் பள்ளி, அயற்கோபுரத்தைக் கேளாமலே கைப்பேசியை விட்டுவிடும் கோபுரத்தை ஒக்கும். இவன் கட்டுரை எழுதுவதில் வல்லவன், மலாய்மொழியில் வாய்திறக்கச் சில திங்கள் பொறுத்தல் வேண்டும் என்று ஒரு வரி எழுதியனுப்ப எச்சட்டமும் தடையன்று. பிள்ளை சேர்ந்தானா, தமிழ் வகுப்பு அமைந்ததா என்று மறு ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டறிந்த பின்னரே பழைய பள்ளி அவன் பெயருள்ள பதிவேட்டை மூடலாம்.